ரைட்ஸ் இஷ்யூ கடிதம் வந்தா எந்தத் தியரிய நம்புறது?

இலங்கையில தேயிலத் தோட்டங்கள தனியார் கம்பனிக்கு மாத்தினப்ப தொழிலாளிங்களுக்கு 10 வீதம் பங்கு சும்மா குடுத்தாங்களே, அந்தப் பத்திரம் இன்னும் எத்தனையோ லயத்துல டிரங்குப் பெட்டிக்குள்ள சேலைக்கு அடியில கெடக்கு. இப்படிப் பங்கு வச்சிருக்கிற வீட்டுக்கு ஒருநாள் ரைட்ஸ் இஷ்யூ கடிதம் வரும், புதுப் பங்கு வெல கொறச்சுத் தர்றோம் காசு கட்டுங்கன்னு. நல்ல சேதியா, கெட்ட சேதியா?

மையர்ஸும் மஜ்லுஃபும்னு ரெண்டு நிதி ஆய்வாளருங்க 1984ல எழுதினபடி பாத்தா கெட்ட சேதிதான். கம்பனிக்கு மொதல்ல சொந்தக் காசு, அப்புறம் கடன், பங்கு விக்கிறது கடைசி. உள் விசயம் மேனேஜருக்குத்தான் தெரியும், அதனால பங்கு விக்க வந்தாலே வெளிய உள்ளவன் சந்தேகப்பட்டு வெலய எறக்கிருவான். மழ நாள்ல கொழுந்து நிறுக்கையில தண்ணிக்குன்னு எல்லாருக்கும் கிலோ கழிக்கிறாங்கல்ல, அதே கததான், நல்ல கம்பனிக்கும் சேத்துத்தான் அடி.

பேக்கர், வர்க்லர்னு வேற ரெண்டு ஆய்வாளருங்க 2002ல சொன்னது வேற. வெல ஏறி நிக்கிறப்ப பாத்து விப்பாங்களாம். இதுக்குத் தோதா லோக்ரன், ரிட்டர் 1995லயே ஒரு கணக்குப் போட்டிருந்தாங்க, அமெரிக்கால 1970-90ல புதுசா சந்தைக்கு வந்த கம்பனிங்க அடுத்த அஞ்சு வருசம் பங்கு வாங்கினவங்களுக்கு சராசரியா வருசத்துக்கு 5% லாபம், ஏற்கனவே சந்தையில இருந்து மறுபடி பங்கு வித்ததுங்க 7%, விக்காத அதே சைஸ் கம்பனிங்க அதவிட நல்லாவே குடுத்திருக்கு.

வித்தியாசம் எங்கன்னா, மொதலாவதுல அடி அறிவிச்ச அன்னைக்கே விழுந்து முடிஞ்சிரும், ரெண்டாவதுல வருசக்கணக்கா மெதுவா உருவும். கைல பங்கு வச்சிருக்கிறவனுக்கு ரெண்டாவதுதான் பயம், நான் அதத்தான் பெருசா எடுப்பேன்.

ஆனா ரெண்டுமே வெளி ஆளுக்கு விக்கிறத வச்சு யோசிச்சது. ரைட்ஸ்ல விக்கிறது பழைய பங்குதாரருக்கே, எல்லாரும் அவங்கவங்க பங்குக்குக் காசு கட்டினா யாரும் யாரையும் ஏமாத்த வழியில்ல. காசில்லாதவங்களுக்குத்தான் நட்டம், அதுலயும் கடிதத்த மடிச்சு வச்சுட்டு சும்மா இருக்கிறவங்களுக்கு. வெல கொறச்சு வாங்குற அந்த உரிமைய தேதிக்குள்ள கொழும்பு பங்குச் சந்தையில வித்துரலாம், ஆனா பத்திரத்தத் தாளா வச்சிருக்கிறவங்க மொதல்ல புரோக்கர் மூலமா CDS கணக்கு (பங்க கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வைக்கிற கணக்கு) தெறக்கணும்.

வரிச்சலுகைக்குக் கடன், திவாலாகுற பயத்துக்குப் பங்குன்னு தராசு பிடிக்கிற டிரேட்-ஓஃப் தியரி இந்தக் கேள்விக்குப் பெருசா உதவாதுன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன், 2022 ஏப்ரல்ல மத்திய வங்கி ஒரே அடியா 7 சதவீதப் புள்ளி வட்டி ஏத்தலன்னா. அந்த மாதிரி நேரத்துல பங்கு வித்து பேங்க் கடன அடைக்கிறவன் தந்திரம் பண்றான்னு சொல்ல முடியாது, அதனால கடிதத்துல காசு எதுக்குன்னு போட்டிருக்கிற பக்கத்த மொதல்ல பாருங்க.