கியர் பாக்ஸைத் திறப்பது: பழைய புல்லட், ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ் 100

கியர் பாக்ஸுக்குள் கியர்களை நகர்த்தும் ஷிஃப்டர் ஃபோர்க் ஒன்று தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். அதற்கு எவ்வளவு கழற்ற வேண்டும்? இந்த ஒரு கேள்வியிலேயே மூன்று வண்டிகளும் பிரிந்துவிடுகின்றன.

ஸ்ப்ளெண்டரிலும் ஆர்எக்ஸ் 100-லும் கிராங்க் சுற்றும் அதே கூட்டுக்குள்தான் கியர்களும் இருக்கின்றன. கூடு இடது வலதாக இரண்டாகப் பிளக்கும். சிலிண்டர் இரண்டு பாதிகளின் மேலும் உட்கார்ந்திருப்பதால் அதை எடுக்காமல் பிளக்க முடியாது. ஆக, இன்ஜினை இறக்கி, ஹெட், சிலிண்டர், மேக்னட், கிளட்ச் அத்தனையும் வெளியே வந்தால்தான் ஃபோர்க் கண்ணில் படும். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் கியர் பாக்ஸ் தனிப் பெட்டி. ஆல்பியன் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் வடிவமைப்பு, 1955-ல் சென்னையில் புல்லட் தொடங்கிய காலத்திலிருந்து வந்த வழி அது. பெட்டி சட்டத்திலேயே இருக்க, வலப்பக்கத்திலிருந்து உள்ளே இருப்பதை உருவலாம். பிஸ்டன் பக்கம் கை போகவே வேண்டாம்.

புல்லட் என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. 2010 வாக்கில் வார்ப்பிரும்பு இன்ஜின் நின்று யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜின்) வந்தபோது கியரும் இன்ஜினும் ஒரே கூட்டுக்குள் போய்விட்டன. கழற்றும் வேலையைப் பொறுத்தவரை அது ஸ்ப்ளெண்டர் கட்சி.

எந்த வண்டியானாலும் ஸ்பேனரை எடுக்கும் முன் பத்து நிமிட சோதனை ஒன்று உண்டு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜின் ஓடாமல், பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். சக்கரம் சுற்றாமல் போட்டால் நல்ல கியரும் விழாது. கியர்களை ஒன்றோடொன்று பிணைக்கும் டாக் பற்கள் எதிரெதிரே முட்டி நிற்கும். நிறுத்தி வைத்தால் சுலபமாக விழுகிறது, ஓடும்போது மட்டும் மல்லுக்கட்டுகிறது என்றால் குற்றவாளி கிளட்ச்: கேபிள் தளர்ந்திருக்கும், பிளேட் வளைந்திருக்கும், அல்லது கிளட்ச் கூடையின் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கும். லீவர் மிதித்த இடத்திலேயே நின்றால் ரிட்டர்ன் ஸ்பிரிங் போயிருக்கிறது. கியர் விழுந்து, ஆக்ஸிலரேட்டர் முறுக்கியதும் துள்ளி வெளியே வந்தால் மட்டுமே டாக் முனை மழுங்கியதையும் ஃபோர்க் தேய்ந்ததையும் சந்தேகப்பட வேண்டும். ‘கியர் பாக்ஸ் போச்சு’ என்று பட்டறையில் சொன்னதும் இன்ஜினை இறக்கச் சம்மதிப்பவர்களில் பலருக்கு இந்தச் சோதனையே போதுமானதாக இருந்திருக்கும்.

வலக்கால் கியர் கொண்ட நாலு கியர் புல்லட்டில் இன்னொரு வசதி உண்டு. கிக்கர், கியர் லீவர், நியூட்ரல் லீவர் மூன்றையும் எடுத்துவிட்டு வெளி மூடியைக் கழற்றினால் லீவரின் மிதியைக் கியருக்குக் கடத்தும் ராட்செட்டும் அதன் ஸ்டாப் தகடும் தெரியும். தகட்டின் துளைகள் நீளவாக்கில் இருக்கும். மேலே போடும் கியர் விழுந்து கீழே போடுவது விழாவிட்டால், அல்லது மாறி நடந்தால், தகட்டின் நட்டுகளைத் தளர்த்தி இரண்டாவது கியரில் வைத்து, லீவர் மேலும் கீழும் ஒரே அளவு ஆடும்படி நகர்த்தி முறுக்கினால் போதும். அடிக்கடி வரும் பொய் நியூட்ரல்களில் (இரண்டு கியர்களுக்கு நடுவே எதிலும் விழாமல் நிற்பது) கணிசமானவை இதிலேயே தீரும்.

கியரையே எடுக்க வேண்டுமானால் உள் மூடியும் வர வேண்டும். மெயின் ஷாஃப்டை உருவ இடப்பக்கக் கிளட்சையும் கழற்றியாக வேண்டும். சுலபம் என்ற பேச்சு இங்கேதான் கொஞ்சம் அடங்கும். இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் எடுத்து, கீழே தட்டு வைத்து, நடுவிலுள்ள ஒற்றைப் பெரிய நட்டைத் திருகினால் பிரைமரி (இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின்) மூடி ஆயிலோடு வரும். பிரைமரி செயினில் பிரித்துக் கழற்றும் லாக் கிடையாது. மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர், ரோட்டரை முதலில் எடுத்துவிட்டு, இன்ஜின் ஸ்பிராக்கெட்டையும் கிளட்சையும் செயினோடு சேர்த்தே இழுக்க வேண்டும். இதற்குப் புல்லர் வேண்டும்; ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிரைமரியின் உள் மூடி வளையும், பிறகு ஆயுசுக்கும் ஒழுகும். திரும்பப் பூட்டும்போது ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் சுற்றிலும் போய்வர வேண்டும். ஒரு இடத்தில் உரசினாலும் ஸ்டேட்டர் காலி.

ஸ்ப்ளெண்டரின் பலம் வேறு இடத்தில். கூட்டைப் பிளக்காமலே வலப்பக்க மூடி வழியாக நிறைய வேலை நடக்கும். ஆயிலை வடித்து மூடியை எடுத்து, கிளட்ச் ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, நடு நட்டை எடுத்தால் பின்னால் ஷிஃப்ட் கை, ரிட்டர்ன் ஸ்பிரிங், ஸ்டாப்பர் கை, ஃபோர்க்குகளை நகர்த்தும் டிரம்மின் நட்சத்திரம் நான்கும் தெரியும். அந்த நடு நட்டு வட்டமாக, வெட்டுப் பள்ளங்களோடு இருக்கும். அதற்கென்றே நாலு பல் சாக்கெட் விற்கிறது. உளி வைத்துத் தட்டித் தட்டிப் பள்ளம் சிதைந்த நட்டுகளைப் பார்க்காத மெக்கானிக் இருக்க மாட்டார். திறந்த கையோடு ஆயில் சல்லடையையும் கிராங்க் முனையிலுள்ள சுழல் ஃபில்டரையும் கழுவிவிடுங்கள். இடப்பக்கம் கியர் லீவர் சீல் ஒழுகினால் வெளியிலிருந்தே மாற்றலாம்: ஷாஃப்ட் பல்லின் மேல் டேப் சுற்றி, சீல் உதட்டில் கிரீஸ் தடவி உள்ளே தள்ளினால் உதடு கிழியாது.

ஆர்எக்ஸ் 100-லும் கிளட்சும் ஷிஃப்ட் அமைப்பும் வலப்பக்க மூடிக்குள்தான், அதுவரை ஸ்ப்ளெண்டர் கதையேதான். கூட்டைப் பிளந்தால்தான் வித்தியாசம். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைக்குக் காற்று புகாத அடைப்பு வேண்டும். ஸ்ப்ளெண்டரில் பேக்கிங் சரியில்லாவிட்டால் ஆயில் கசியும், அவ்வளவே. இங்கே கிராங்கின் மேக்னட் பக்க சீலோ கூட்டின் இணைப்போ காற்று விட்டால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்து பிஸ்டன் ஜாம் ஆகும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும்: வெள்ளைப் புகை நிற்காது, கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும். எனவே பிளந்தால் கிராங்க் சீல் இரண்டும் புதிது போட்டே மூட வேண்டும். பிறகு இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை அடைத்து 6 பிஎஸ்ஐ காற்றேற்றி, ஐந்து நிமிடம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு வழியில்லாதவர் வீட்டில் ஆர்எக்ஸைப் பிளக்காமல் இருப்பது நல்லது.

ஆயிலில் மூன்றும் மூன்று விதம். ஸ்ப்ளெண்டரில் இன்ஜின், கிளட்ச், கியர் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில். பைக் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாஸோ எம்ஏ முத்திரை உள்ள 10டபிள்யூ30. காருக்கான வழுக்கு ஆயில் ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகும். அளவு பார்க்கையில் டிப் ஸ்டிக்கைத் திருகாமல் உள்ளே வைத்து எடுங்கள். ஆர்எக்ஸில் கியருக்குத் தனி ஆயில், ஒரு லிட்டர் டப்பாவில் மிச்சம் இருக்கும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான 2டி ஆயிலை அங்கே ஊற்றுவது தெரியாதவர் செய்யும் வேலை. புல்லட்டில் சிலர் ஒழுகலுக்குப் பயந்து கட்டி கிரீஸை அடைக்கிறார்கள். கியர் சுற்றிச் சுற்றி அதில் ஓடை வெட்டிக்கொண்டு பிறகு காய்ந்தே ஓடும். வெண்கல புஷ்கள் இருப்பதால் ஜிஎல்-4 தரத்தில் 90 கியர் ஆயிலே சரி. அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் கிளட்ச் ராடு போகும் துளை வழியே பிரைமரிக்குள் கசிந்து பிளேட்டை நனைத்துவிடும்.

கியரைத் தொட்டு மாற்றிக் கற்க விரும்புபவருக்கு வார்ப்பிரும்பு புல்லட், திறக்காமலே பல காலம் ஓட்ட விரும்புபவருக்கு ஸ்ப்ளெண்டர் என்பது எங்கள் தேர்வு. எதைப் பிரித்தாலும் போல்ட்டுகளை அட்டையில் கூட்டின் வரைபடம் போட்டு அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளம் ஒன்றுக்கொன்று மாறும். ஷாஃப்ட் முனை வாஷர் ஆயில் பசையில் கூட்டோடு ஒட்டிக்கொண்டு, பிறகு தரையில் விழும். ஷாஃப்டில் கியர்களைப் பிடித்து வைக்கும் லாக் வளையங்களைக் கழற்றினால் அவற்றையே திரும்பப் போடாதீர்கள். புதிய லாக்கின் கூர் விளிம்பு கியர் தள்ளும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் பார்த்து நிற்க வேண்டும். மூடிய பிறகு, கிளட்ச் பூட்டும் முன்பே, ஷாஃப்டைக் கையால் சுற்றியபடி எல்லா கியரையும் மேலும் கீழும் போட்டுப் பாருங்கள். ஒன்று விழாவிட்டாலும் அப்போதே திரும்பத் திறப்பது சுலபம்.