அப்பாவின் தவிலுக்காக வாங்கிய ஆம்ப்ளிஃபயர்: யமஹா ஏ-எஸ்301, ஒன்றரை வருட அனுபவம்

அப்பா தவில் வாசித்தவர். அவர் போன பிறகு வீட்டில் மிஞ்சியவை இரண்டு தவிலும் 37 கேசட்டுகளும். கல்யாணக் கச்சேரி, கோயில் உற்சவம், ராத்திரி சுவாமி புறப்பாடு என்று யார் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து டேப் ரெக்கார்டரில் பிடித்துக் கொடுத்தவை. இரண்டு வருடம் முன்பு அண்ணன் மகன் அதில் 23 கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். "அத்தை, இதை நல்ல செட்டில் போட்டுக் கேளுங்கள், போனில் கேட்காதீர்கள்" என்றான்.

அப்போது வீட்டில் இருந்தது உள்ளூரில் அசெம்பிள் செய்து வாங்கிய ஒரு ஆம்ப்ளிஃபயர். முகப்பில் 2000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று பெரிதாக எழுதியிருக்கும். அதில் அப்பாவின் பதிவைப் போட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வலந்தலையில், அதாவது தவிலின் வலது பக்கத் தோலில், விரல் கூடு விழுகிற 'டக்' சத்தமும், தொப்பி என்கிற இடது பக்கத் தோலில் கழி விழுகிற சத்தமும் ஒன்றாகக் குழைந்து ஒரே 'டொம்'. அந்த இரண்டும் தனித்தனியாகக் காதில் விழவில்லை என்றால் அது தவிலே இல்லை.

பிஎம்பிஓ கணக்கை அன்றோடு விட்டுவிட்டேன். கண நேரம், அதுவும் ஒலி எவ்வளவு சிதைந்தாலும் பரவாயில்லை என்று எடுக்கிற எண் அது. இப்படித்தான் அளக்க வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் அதற்குக் கிடையாது. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. அதையும் எத்தனை ஓமில் (ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டுகிற தடை), எவ்வளவு சிதைவில் கொடுக்கிறது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் ஸ்பீக்கர்கள் பழையவை, 6 ஓம், 86 டெசிபல். அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் கேட்கும். எங்கள் கூடம் 12க்கு 15 அடி. சாதாரணமாகக் கேட்க ஒன்றிரண்டு வாட் போதும். ஆனால் தவில் சாதாரண வாத்தியம் இல்லை. தீர்மானத்தில், அதாவது வாசிப்பை முடித்து வைக்கிற இடத்தில், ஒரு அடி விழும்போது சராசரியைவிட 10 டெசிபல் மேலே போனால், அந்த நொடிக்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதற்குத்தான் கையிருப்பு. மற்றபடி 60 வாட்டுக்கும் 80 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றேகால் டெசிபல்தான். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

நான் கடைகளில் முதலில் பார்த்தது ஆம்ப்ளிஃபயரின் முதுகை. விற்பவர்கள் முகப்பைக் காட்டுவார்கள்; திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் எவை எவை அதோடு பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: டிவி, பழைய டிவிடி பிளேயர், லேப்டாப், போன். யமஹா ஏ-எஸ்301இன் முதுகில் டிஜிட்டல் ஒலிக்கு ஒரு ஆப்டிக்கல் (ஒலி வெளிச்சமாகப் போவது), ஒரு கோஆக்சியல் (உலோக ஒயரில் போவது), ரெக்கார்ட் பிளேயருக்கு ஒரு ஃபோனோ, அப்புறம் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஜோடிகள் நாலைந்து. 8 ஓமில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 60 வாட். என் தாளில் இருந்த எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. எடை 9 கிலோ. உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கிறது என்று தூக்கும்போதே தெரியும்.

கடையில் சினிமாச் சண்டைக் காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். அதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் மகன் எழுதிக் கொடுத்த சிடியை நீட்டி, இதைப் போடுங்கள் என்றேன். நாலாவது நிமிஷத்தில் அப்பா ஒரு மோரா வைப்பார், ஒரே கோர்வையை மூன்று தடவை வாசித்து முடிப்பது. மூன்று தடவையும் கடைசி அடி தொப்பியில் விழும். விழுந்ததும் அந்தத் தோலின் அதிர்வு கொஞ்ச நேரம் தங்கி அடங்கும். அந்த அடங்குதல் கேட்டது. பின்னால் நாதஸ்வரத்துக்குச் சுருதி கொடுக்கிற ஒத்தும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல் டிவியில். ஆப்டிக்கல் ஒயரின் இரண்டு முனையிலும் பட்டாணி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றிவிட்டுச் செருக வேண்டும். சரியாக உட்கார்ந்தால் 'க்ளிக்' என்று கேட்கும், மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரியும். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். செய்தி சேனல் பேசியது. ராத்திரி ஓடிடியில் படம் போட்டால் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. ஒயர் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். விஷயம் வேறு. அந்தப் படத்துக்கு டிவி டால்பி வடிவத்தில் ஒலியை அனுப்புகிறது. இந்த மாதிரி இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயருக்குப் பிசிஎம், அதாவது சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி, மட்டும்தான் புரியும். டிவியின் சவுண்ட் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் என்று இருப்பதை ஆட்டோவிலிருந்து பிசிஎம்முக்கு மாற்றியதும் பேசிவிட்டது. ஆப்டிக்கலில் டிவியை இணைக்கிற எல்லோரும் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

லேப்டாப் கதை இன்னொன்று. ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஆர்சிஏ ஒயர் போட்டு இணைத்தேன். சார்ஜர் மாட்டினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல், பிடுங்கினால் நின்றுவிடும். இரண்டு கருவிகளும் தனித்தனியாக எர்த்தைத் தொடும்போது, ஒயரின் வெளியுறை வழியாக மின்சாரம் சுற்றுவதால் வரும் சத்தம் அது. ஆப்டிக்கலில் இந்தத் தொல்லை வரவே வராது, ஏனென்றால் அதில் ஓடுவது வெளிச்சம். இரண்டு கருவிக்கும் நடுவே உலோகத் தொடர்பே இல்லை. டிவி பெட்டிக்கு டிஷ் கேபிள் வந்து சேர்கிற வீடுகளில் இதற்காகவே ஆப்டிக்கலைப் போடலாம்.

ஆனால் என்னிடம் இருந்த ஒரே ஆப்டிக்கல் டிவிக்குப் போய்விட்டது. அதனால் லேப்டாப்பை நேரடியாக இணைப்பதையே விட்டுவிட்டு, வீம் ப்ரோ என்கிற சின்ன ஸ்ட்ரீமர் ஒன்று வாங்கினேன். அது வைஃபையில் பாட்டை வாங்கி, கோஆக்சியல் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிறது. கோஆக்சியலுக்குத் தனியாக ஒயர் வாங்கவில்லை. பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் வீடியோ ஒயர் இருந்தது. அதுவும் 75 ஓம், கோஆக்சியலுக்கும் 75 ஓம்தான் வேண்டும். ஒன்றரை வருடமாக ஒரு குறையும் இல்லை. ஆயிரக்கணக்கில் விலை சொல்லி டிஜிட்டல் ஒயரை நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஏன் புளூடூத் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். சிடி தரத்துக்கு நொடிக்கு 1411 கிலோபிட் வேண்டும். புளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்பிசியில் வழக்கமாகப் போவது 328 வரைதான்; மீதியைச் சுருக்கிவிடும். அப்பாவின் கேசட் பதிவுகளில் எனக்குப் பெரிய வித்தியாசம் கேட்கவில்லை, உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டூடியோவில் எடுத்த ஒரு வாய்ப்பாட்டில், தம்புராவின் மீட்டு அடங்குகிற இடத்தில் கேட்டது. வைஃபை வந்த பிறகு அந்தக் கவலை இல்லை. டிவிடி பிளேயரைச் சாதாரண சிவப்பு வெள்ளை ஒயரில்தான் மாட்டியிருக்கிறேன். கோஆக்சியலிலும் போட்டு மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். அதற்காக எழுந்துபோய் ஒயரை மாற்றுகிற அளவுக்கு எதுவும் இல்லை.

இந்த ஆம்ப்ளிஃபயரில் எனக்கு ரொம்பப் பிடித்தது லவுட்னஸ் குமிழ். பல ஆம்ப்ளிஃபயர்களில் அது வெறும் பட்டன். இதில் திருப்பித் திருப்பி வைக்கலாம். சத்தத்தைக் குறைத்தால் நம் காதுக்கு அடிநாதமும் உச்ச ஒலியும் முதலில் மங்கிவிடும். அதை ஈடுகட்டத்தான் இது. முறை இதுதான்: லவுட்னஸை ஃப்ளாட்டில் வைத்துக்கொண்டு, நீங்கள் கேட்கிற அதிகபட்ச சத்தத்துக்கு வால்யூமை வையுங்கள். அப்புறம் வால்யூமைத் தொடாமல் லவுட்னஸ் குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் குறையுங்கள். மாமியார் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார், அவர் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு கதவுதான். பத்து மணிக்கு அவர் தூக்கம் கலையாமல், தொப்பியின் கனம் குறையாமல் கேட்கிறேன். ஒலியைத் திருத்தம் எதுவும் இல்லாமல் நேராக அனுப்புகிற ப்யூர் டைரக்ட் பட்டனை அமுக்கினால் இந்தக் குமிழ் வேலை செய்யாது, அதைக் கவனியுங்கள்.

குறை என்றால், எச்டிஎம்ஐ கிடையாது. ஆப்டிக்கலில் ஒலி மட்டும்தான் வரும், கட்டளை வராது. டிவி ரிமோட்டில் சத்தத்தைக் கூட்ட முடியாது. என் வீட்டுக்காரர் தினமும் இரண்டு ரிமோட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறார், அவருக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் வீட்டில் முக்கால்வாசி நேரம் டிவிதான் ஓடும் என்றால் டிவியின் ஒலியும் ரிமோட் கட்டளையும் ஒரே ஒயரில் வருகிற எச்டிஎம்ஐ ஏஆர்சி உள்ளதாகப் பாருங்கள். வீம் ஆம்ப், மராண்ட்ஸ் ஸ்டீரியோ 70எஸ் போன்றவற்றில் உண்டு. லேப்டாப்பை நேரடியாக மாட்ட யுஎஸ்பியும் இதில் இல்லை, புளூடூத்தும் தனியாகத்தான் வாங்க வேண்டும். அண்ணன் மகன் வைத்திருப்பது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் (சூடு குறைவாக, சின்னதாகச் செய்யக்கூடிய வகை), உள்ளே டிபிஏ3255 சிப். ஒரு வாரம் கடன் வாங்கிக் கேட்டேன். தவில் அதிலும் தெளிவாகவே இருந்தது, விலையும் மிகக் குறைவு. ஆனால் அதன் முதுகில் ஒரே ஒரு ஆர்சிஏ ஜோடிதான். ஒரே கருவியை மட்டும் மாட்டுகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள், மேலே சூடு போக ஒரு சாண் இடம் விடுங்கள். ஸ்பீக்கர் ஒயரின் செம்பு இழைகளை நன்றாக முறுக்கி மாட்டுங்கள். ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும்.

இன்னும் 14 கேசட் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏற்றியவற்றில் போன வாரம் கேட்ட ஒன்றில் வாசிப்பு தொடங்குவதற்கு முன்னால் அப்பா வாரை இறுக்குகிற சத்தம் இருக்கிறது. ஒரு தட்டு, கொஞ்சம் இறுக்கல், மறுபடி ஒரு தட்டு. பழைய செட்டில் அந்த இடம் வெறும் இரைச்சலாகத்தான் இருந்தது.