சிவப்பு முனையிலிருந்து நீல முனைக்கு: ஆர்கான் வெல்டிங்கில் ஒன்பது ஆண்டு டங்ஸ்டன் அனுபவம்

திருச்சி துவாக்குடியில் இருக்கும் எங்கள் சிறிய பட்டறையில் ஒன்பது ஆண்டுகளாக ஆர்கான் வெல்டிங்தான் முதன்மையான வேலை. ஆர்கான் வாயுவின் காப்பில், டங்ஸ்டன் ராடின் முனைக்கும் உலோகத்துக்கும் இடையே ஆர்க் எனும் மின்பொறியை எரியவிட்டு, உலோகத்தை உருக்கி இணைக்கும் முறை இது. கொதிகலன் சார்ந்த கார்பன் ஸ்டீல் குழாய்களுக்கு ரூட் பாஸ் (இணைப்பின் அடியில் போடும் முதல் அடுக்கு), பால் பதப்படுத்தும் நிலையங்களுக்கான 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய்கள், தொட்டிகள், இடையிடையே அலுமினியம் என்று வேலை மாறி மாறி வரும். இதற்குள் சிவப்பு, பச்சை, சாம்பல், தங்க நிறம், நீலம், வெள்ளை என, வகையைக் காட்ட ஒரு முனையில் நிறம் பூசிய ஆறு வகை டங்ஸ்டன் ராடுகளையும் வாங்கி எரித்துப் பார்த்தாயிற்று. இன்று பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் நீலம்தான் இருக்கும். நிறத்தைக் காட்டிலும் அதிகமாக என்னைத் திண்டாட வைத்தவை வேறு சில. அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பதால்தான் அது ஆர்க்கின் வெப்பத்தைத் தாங்கி நிற்கிறது. ஆனால் சுத்தமான டங்ஸ்டன் எலக்ட்ரான்களை எளிதில் விடுவதில்லை. ஆர்க் பிடிக்கத் தயங்கும், முனையும் அளவுக்கு மீறிச் சூடாகும். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் சிறிதளவு ஆக்சைடு கலக்கிறார்கள். சிவப்பில் சுமார் 2 விழுக்காடு தோரியம் ஆக்சைடு, சாம்பலில் அதே அளவு சீரியம், தங்க நிறத்தில் 1.5, நீலத்தில் 2 விழுக்காடு லாந்தனம், வெள்ளையில் ஏறத்தாழ 0.8 விழுக்காடு சிர்கோனியம். பச்சை கலப்பில்லாதது. இந்த நிறக்குறிகளை ஐ.எஸ்.ஓ. 6848 என்ற சர்வதேசத் தரநிலை வரையறுக்கிறது. பழைய அமெரிக்க முறையில் சீரியத்துக்கு ஆரஞ்சு நிறம் இருந்தது. சாம்பல் வேறு கலவைகளைக் குறித்தது. ஆகவே பழைய சரக்கு கிடைத்தால் நிறத்தை மட்டும் பார்த்து வாங்காமல் பெட்டியில் அச்சிட்டுள்ள வகைக்குறியைப் படித்துவிடுவது நல்லது.

தொடக்கத்தில் எல்லோரையும்போல நாங்களும் சிவப்பைத்தான் வைத்திருந்தோம். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நேர்மின்னோட்டத்தில் ஆர்க் உடனே பிடிக்கும், முனை நெடுநேரம் கூர்மை கெடாமல் நிற்கும், ஆம்பியரைச் சற்றுக் கூட்டிவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும். எங்கள் மூத்த வெல்டர் இன்றைக்கும் "சிவப்புதான் அண்ணே நின்று எரியும்" என்பார். எனக்கு உறுத்தியது தீட்டும்போது எழும் தூசி. தோரியம்-232 ஒரு கதிரியக்கத் தனிமம். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். அது வெளியிடும் ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது என்பதால் ராடைக் கையில் பிடிப்பதாலோ அதைக் கொண்டு வெல்டிங் செய்வதாலோ பெரிய ஆபத்தில்லை. தூசி மூச்சோடு நுரையீரலுக்குள் போய்த் தங்குவதுதான் ஆபத்து. நம் ஊருக்குத் தோரியம் ஒன்றும் புதிதல்ல. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட் கனிமத்திலும் இருக்கிறது, அந்நாளில் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலிலும் இருந்தது. ஆனால் மேண்டிலை யாரும் கிரைண்டரில் வைத்துத் தீட்டியதில்லை. தூசி உறிஞ்சும் வசதியில்லாத, பத்துக்குப் பத்து அடி மூலையில், முகக்கவசம்கூட அணியாமல் நாளுக்குப் பத்துப் பதினைந்து முறை தீட்டிக்கொண்டிருந்த உதவியாளரைப் பார்த்தபோதுதான் மாற்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் சாம்பல். 1 மி.மீ., 1.2 மி.மீ. எஸ்.எஸ். ஷீட்டில், 25 முதல் 40 ஆம்பியருக்குள், அதைப்போல் மென்மையாக ஆர்க் பிடித்த ராடு வேறில்லை. 150 ஆம்பியரைத் தாண்டி நெடுநேரம் ஓட்டினால் முனை சீக்கிரம் தேய்ந்ததால் பொது உபயோகத்துக்கு அதை வைக்கவில்லை. அடுத்துத் தங்க நிறம், பிறகு நீலம். இவ்விரண்டுக்கும் இடையே கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் என்னால் வேறுபாடு சொல்ல முடியாது. உள்ளூரில் தடையில்லாமல் கிடைத்தது நீலம் என்பதால் அதில் நிலைத்தோம். ஆர்க் பிடிப்பதில் சிவப்புக்குச் சற்றும் குறைவில்லை. நாள் முழுவதும் ரூட் பாஸ் ஓடும் வேலையிலும் தீட்டவேண்டிய முறைகள் கூடவில்லை.

இடையில் ஒரு கடையில் விலை மலிவாக ஒரு பெட்டி நீலம் வாங்கி ஏமாந்ததையும் சொல்லவேண்டும். பத்து ராடுகளில் மூன்று, தீட்டி முதல் ஆர்க் பிடித்ததுமே முனையிலிருந்து நீளவாக்கில் பிளந்தன. மற்றவற்றில் சில ஆர்க்கை ஒரு பக்கமாக இழுத்தன. ஆக்சைடு சீராகக் கலக்கப்படவில்லை என்பதே என் ஊகம். ராடின் விலையில் மிச்சம் பிடித்த தொகை, வீணான ஒரு குழாய் இணைப்புக்குக்கூடக் காணாது.

இனி தீட்டும் முறை. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கல்லில் ராடைக் குறுக்காக வைத்து உருட்டினால் முனையைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடு விழும். ஆர்க் அந்த வளையங்களில் தாவித் தாவி அலையும். ராடின் நீளவாக்கில்தான் கோடு ஓடவேண்டும். கூம்பின் நீளம் ராடின் விட்டத்தைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு, அதாவது 2.4 மி.மீ. ராடுக்கு 5 முதல் 6 மி.மீ. ஊசிபோல் கூராக்கினால் ஆர்க் குவிந்து ஆழமாக இறங்கும் என்றே நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மை நேர்மாறானது: கூர்மையான முனையில் ஆர்க் விரிந்து பரவும், முனைக்கோணம் பெருகப் பெருக ஆர்க் ஒடுங்கி ஆழம் கூடும். தவிர, ஊசிமுனை முதல் ஆர்க்கிலேயே உடைந்து உலோகக் குழம்பில் விழுந்துவிடும். ஆகவே கூராக்கிய பின் நுனியைக் கல்லில் மெல்லத் தொட்டு, கால் மி.மீ. அளவுக்குத் தட்டையாக்கிவிடுகிறோம்.

கல் தனியாக இருக்கவேண்டும். இரும்பு தீட்டிய கல்லில் டங்ஸ்டனைத் தீட்டினால் கல்லில் ஒட்டியிருக்கும் துகள் முனையில் ஏறிக்கொள்ளும். முதலில் கார்பைடு டூல் தீட்டும் பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல்லைப் பயன்படுத்தினோம். இரண்டு ஆண்டுகளாக டைமண்ட் வீல் வைத்திருக்கிறோம். கெட்ட முனையைக் கட்டிங் பிளேயரால் கடித்து ஒடிப்பது எங்கள் பட்டறையில் தடை. டங்ஸ்டன் நொறுங்கும் தன்மை உடையது. அப்படி ஒடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே ஓடிவிடும். கல்லில் சுற்றிலும் ஒரு வெட்டுப் போட்டு, அந்த இடத்தில் ஒடிக்கவேண்டும். நிறம் பூசிய முனையைத் தீட்டக்கூடாது என்பதும் ஒரு விதி. ஒருமுறை புதிதாகச் சேர்ந்த தம்பி, அடிக்கடி தீட்டும் வேலையைக் குறைக்க எண்ணி எல்லா ராடுகளின் இரு முனைகளையும் தீட்டி வைத்துவிட்டான். எது சிவப்பு, எது நீலம் என்று அடையாளமே இல்லாமல் போய், பதினெட்டு ராடுகளை ஒதுக்கிவைக்க நேர்ந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு குழாய் வேலையில் எக்ஸ்ரே ஃபிலிம் திரும்பி வந்தபோது, மூன்று இணைப்புகளில் ரூட் பகுதியில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள். காற்றுக்குமிழாக இருந்தால் ஃபிலிமில் கறுப்பாகத் தெரியும். டங்ஸ்டனின் அடர்த்தி கன செ.மீ.க்கு 19.3 கிராம், எஃகுக்கு ஏறத்தாழ 7.8, கதிரை அதிகம் தடுப்பதால் டங்ஸ்டன் துண்டு வெள்ளையாக விழும். அப்போதுதான் நீலத்துக்கு மாறியிருந்தோம் என்பதால் பழி ராடின் மேல் விழுந்தது. வெல்டரோடு உட்கார்ந்து விசாரித்ததில் வேறொன்று வெளிப்பட்டது. முனை உருகிய குழம்பைத் தொட்டுவிட்ட பின்னும் தீட்டாமல் தொடர்ந்து ஓட்டியிருக்கிறார். எஃகு ஒட்டிய முனையின் உருகுநிலை குறைந்து, அது துளித்துளியாகத் தெறித்திருக்கிறது. மூன்றையும் அறுத்து மறுபடி போட்டோம். அன்று முதல் ஒவ்வொருவர் மேசையிலும் தீட்டிய ராடுகள் ஐந்து தயாராக இருக்கும். தொட்டால் உடனே மாற்றவேண்டும், தொட்டதற்கு யாரும் திட்டமாட்டார்கள். தீட்டும் இடத்துக்கு எழுந்து போகச் சோம்பியதுதான் அன்றைய தவற்றுக்கு வேர் என்பது என் கணிப்பு.

ஆர்க் நின்ற பிறகும் வாயு வந்துகொண்டிருக்கும் நேரத்தைச் சிலர் வீண் செலவாக நினைக்கிறார்கள். 10 ஆம்பியருக்கு ஒரு விநாடி, எப்படியும் 8 விநாடிக்குக் குறையாமல் என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு. நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓட்டத்தில் 8 விநாடிக்குச் செலவாவது ஒரு லிட்டருக்குச் சற்றே கூடுதல். 7 கன மீட்டர் சிலிண்டரில் இருப்பது 7,000 லிட்டர். அந்த ஒரு லிட்டரை மிச்சப்படுத்த, ராடைப் பிடித்திருக்கும் டார்ச்சைச் சட்டென்று விலக்கினால் சூடான முனை காற்றில் ஆக்சைடாகி நீலமும் கறுப்புமாக மாறும். அடுத்த ஆர்க் திணறும். முனை வெள்ளிபோல் மின்னினால் வாயு போதுமான அளவு வந்திருக்கிறது.

மாறுமின்னோட்டத்தில் போடும் அலுமினியத்துக்கு எந்த ராடு என்பது மெஷினைப் பொறுத்தது. எங்களிடம் உள்ள பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் பச்சையும் வெள்ளையும் நன்றாக உருண்டை கட்டி ஓடும். உருண்டை ராடின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ஆம்பியருக்கு ராடு போதவில்லை என்று பொருள். இன்வெர்ட்டர் மெஷினில் பச்சைக்கு வேலையே இல்லை. நீலத்தையே தீட்டி, நுனியைச் சற்று மழுக்கி, மின்னோட்டத்தின் இரு திசைகளுக்கும் நேரத்தைப் பங்கிடும் பேலன்ஸில், எலக்ட்ரோடு (டங்ஸ்டன் ராடு) நெகட்டிவ் பக்கத்தை 70 விழுக்காட்டில் வைத்து ஓட்டுகிறோம். முனை இலேசாக உருண்டு அப்படியே நிற்கும். பேலன்ஸை, அலுமினியத்தின் மேல் படலத்தை நீக்கும் சுத்திகரிப்புப் பக்கமாக (எலக்ட்ரோடு பாசிட்டிவ்) அதிகம் திருப்பினால் எந்த நிறமானாலும் முனை உருகும்.

அளவைப் பொறுத்தவரை, நேர்மின்னோட்டத்தில் 1.6 மி.மீ. ராடு 70 முதல் 150 ஆம்பியர், 2.4 மி.மீ. 150 முதல் 250 ஆம்பியர் என்பது புத்தகக் கணக்கு. நன்றாகத் தீட்டிய 2.4 நீலம் 70 ஆம்பியரிலும் தயங்காமல் பிடிப்பதால் குழாய் வேலை முழுவதற்கும் அதையே வைத்திருக்கிறோம்.

ஒரு வாடிக்கையாளரின் டபிள்யூ.பி.எஸ். (வெல்டிங் செய்முறை) தாளில் இன்னும் சிவப்பு என்றே எழுதியிருந்தது. வெல்டிங் தகுதிக்கான விதித்தொகுப்பான ஏ.எஸ்.எம்.இ. ஒன்பதாம் பிரிவில், டங்ஸ்டனின் வகையும் அளவும் அத்தியாவசிய மாறிகள் (மாற்றினால் மறுபடி தகுதிபெற வேண்டியவை) அல்ல. தாளைத் திருத்தினால் போதும், புதிதாகச் சோதனைத் துண்டு போட்டுத் தகுதிபெற வேண்டியதில்லை. இதை எடுத்துச் சொல்லித் திருத்தம் வாங்க எட்டு மாதம் பிடித்தது. மிஞ்சிய ஏழு சிவப்பு ராடுகள் மூடிபோட்ட ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டில், "தீட்டக் கூடாது" என்ற சீட்டோடு அலமாரியின் மேல்தட்டில் கிடக்கின்றன. மூத்த வெல்டர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்.