பெரம்பூர் கடையும் மூலக்கடை கடையும்

பெரம்பூர் கடைக்குள் காலை வைத்ததும் கண் எரியும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பையன் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருப்பான். மெக்சிகன் சாப்பாடு என்று போர்டு போட்ட கடையில் நான் முதலில் உணர்ந்தது அந்த எரிச்சலைத்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு பேப்பர் மில்ஸ் ரோட்டில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனவன், சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று ஏறினேன். அதற்கப்புறம் மாதம் இரண்டு தடவையாவது போய்விடுகிறேன்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே கடையின் மூலக்கடைக் கிளையைக் கொஞ்சம் திட்டப் போகிறேன். அங்கே கரண்டி பிடித்து நிற்கிற பையன்களின் சம்பளத்தில் கை வைத்த மாதிரி ஆகிவிடக் கூடாது. பெரம்பூர்க்காரர்களுக்கு நான் பேர் சொல்லாமலே புரியும்.

சாப்பிடுகிற முறை எளிது. கண்ணாடியை ஒட்டி நகர வேண்டும். சோறா, ரொட்டியா என்று முதலில் கேட்பார்கள். சோறு என்றால் கிண்ணத்தில் வருகிற பவுல், ரொட்டி என்றால் சுருட்டித் தருகிற புரிட்டோ. அப்புறம் சிக்கனா பன்னீரா, அப்புறம் ராஜ்மா, சோளம், தக்காளி வெங்காயம், தயிர், காரம். நாம் விரலை நீட்ட நீட்ட அவர்கள் போடுவார்கள். தென் சென்னையிலிருந்து வந்த என் நண்பர் ஒருவர் இதைப் பார்த்து அசந்து நின்றார். எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. செகண்ட் லைன் பீச்சில் அத்தோ கடை முன்னால் நின்று வளர்ந்தவன் நான். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸை ஒரு பாத்திரத்தில் அள்ளிப் போட்டு, கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு வறுவல் எல்லாவற்றையும் நம் கண் முன்னே கையாலேயே பிசைந்து தருவார்கள். “காரம் தூக்கலா”, “புளி கம்மியா” என்று நாம் சொல்லிக்கொண்டே நிற்போம். அதற்கு ஒரு கண்ணாடித் தடுப்பும் ஏசியும் வைத்தால் இந்தக் கடை.

பவுல் நன்றாக இருக்கிறது. சோற்றில் எலுமிச்சையும் கொத்தமல்லியும் மட்டும்தான். தாளிப்பு, மஞ்சள் எதுவும் கிடையாது. ஆறினாலும் உதிரியாகவே நிற்கிறது. கறுப்பு பீன்ஸ் போட வேண்டிய இடத்தில் நம்ம ஊர் சின்ன ராஜ்மா. சிக்கனைக் கல்லில் போட்டுச் சுட்டு, நாம் வரிசையில் நிற்கும்போதே கொத்துகிறார்கள். சவர் க்ரீம் என்று எழுதியிருப்பது என்னவென்று கேட்டேன். “தயிர்தாண்ணா, துணில கட்டித் தொங்கவிட்டது” என்றான் பையன். ஒளிக்காமல் சொன்னது பிடித்திருந்தது. புளிப்பும் அளவாக இருந்தது.

அந்தக் கடையின் உண்மையான சரக்கு கறுஞ்சிவப்புக் காரச் சட்னிதான். காய்ந்த மிளகாயைக் கல்லில் கருக விட்டு, பூண்டும் தக்காளியும் சேர்த்து அரைத்தது. கருவாடு சுடும்போது வருகிற புகை வாசனையில் கால்வாசி அதில் இருக்கும். மெக்சிகோவில் ஹாலபேன்யோ மிளகாயைப் பழுக்க விட்டுப் புகை போட்டு உலர்த்துவார்கள். அதற்குப் பெயர் சிபோட்லே. அந்த ஊர் ஆதிக்குடிகளின் நவாட்டில் மொழியில் புகைபட்ட மிளகாய் என்று அர்த்தம். தக்காளியும் மிளகாயும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் இங்கே வந்தன என்பதால், இந்தத் தட்டில் நம் நாக்குக்குப் பழகாதது என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

குவாக்கமோலேவுக்கு மட்டும் 60 ரூபாய் தனி. பட்டர் ஃப்ரூட்டை மசித்தது. கொடைக்கானல் பழம் என்கிறார்கள். சில நாள் வெண்ணெய் மாதிரி, சில நாள் வேகாத உருளைக்கிழங்கு மாதிரி. ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேளுங்கள். சிக்கன் பவுல் 239, பன்னீர் 219, வெறும் ராஜ்மா 179. புரிட்டோவை நான் சொல்ல மாட்டேன். ரொட்டி கனமாக இருக்கிறது, பாதியில் கிழிந்து கையெல்லாம் வழிகிறது. அதை டார்ட்டில்லா என்று சொன்னதற்கு என் அக்கா மகள், “டார்ட்டியா மாமா” என்று திருத்தினாள். டார்ட்டியாவோ என்னவோ, கிழியாமல் இருந்தால் போதும்.

அக்கா மகள் அமெரிக்காவில் டென்வரில் எம்.எஸ். படித்தவள். மூன்று வருடம் பாதி நாள், அந்த மிளகாயின் பெயரையே வைத்திருக்கிற சிபோட்லே என்கிற அமெரிக்கக் கடையில்தான் சாப்பிட்டாளாம். அந்தக் கடை இன்னும் இந்தியாவில் திறக்கவில்லை. விடுமுறைக்கு வந்தவளைப் பெரம்பூருக்குக் கூட்டிப் போனேன். வரிசையைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள். “அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க மாமா. எங்க யூனிவர்சிட்டி பக்கத்துலதான் அவங்க முதல் கடையே.”

அந்த முதல் கடையின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்டீவ் எல்ஸ் என்கிற சமையல்காரர் 1993இல், ஐஸ்கிரீம் கடை இருந்த இடத்தில், அப்பாவிடம் 85,000 டாலர் கடன் வாங்கித் திறந்தார். பெரிய ரெஸ்டாரன்ட் ஒன்று வைக்க வேண்டும் என்பதுதான் அவர் கனவு; அதற்குப் பணம் சேர்க்கத்தான் புரிட்டோ. ஒரு நாளைக்கு 107 புரிட்டோ விற்றால் லாபம் என்று அப்பாவும் மகனும் கணக்குப் போட்டார்கள். ஒரு மாதத்திலேயே அது நாளைக்கு ஆயிரத்தைத் தாண்டியது. பெரிய ரெஸ்டாரன்ட் பேச்சு அப்படியே நின்று போனது. 1998இல் மெக்டொனால்ட்ஸ் பணம் போட்டது. அப்போது இருபதுக்கும் குறைவான கடைகள். 2006இல் மெக்டொனால்ட்ஸ் மொத்தமாக விலகும்போது ஐந்நூறுக்கு மேல். 2024 முடிவில் 3,700க்கு மேல்.

இவ்வளவு வளர்ந்தும் அமெரிக்காவில் கிளைகளை ஃபிரான்சைஸ் கொடுக்காமல் சொந்தமாகவே நடத்துகிறார்கள். கடையில் ஃபிரீசர் இல்லை, டின் திறக்கிற கருவி இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நான் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருபத்தாறு வருடமாக, இறக்குமதிச் சரக்குக்கான பில் ஆஃப் என்ட்ரி போடுகிறவன். ரீஃபர் என்கிற குளிர்பதன கண்டெய்னரில் உறைந்த சரக்கு எவ்வளவு இறங்குகிறது, அது எந்தெந்த ஓட்டலுக்குப் போகிறது என்று தெரியும். ஃபிரீசர் இல்லை என்று ஒருவன் சொன்னால் அதன் விலை என்னவென்றும் தெரியும்.

அந்த விலையை அவர்கள் கொடுக்கவும் செய்தார்கள். 2015இல் வரிசையாக ஈ.கோலை, நோரோவைரஸ் என்று வாடிக்கையாளர்கள் நோயில் விழுந்தார்கள். 2016 பிப்ரவரி 8ஆம் தேதி, ஊழியர்களுக்குச் சுத்தம் பற்றி வகுப்பெடுக்க எல்லாக் கடைகளையும் சில மணி நேரம் மூடினார்கள். 2020இல் 2.5 கோடி டாலர் அபராதம் கட்டினார்கள். நோய் பரவிய சமயத்திலேயே சில காய்களைக் கடையில் நறுக்காமல் பொதுச் சமையற்கூடத்திலிருந்து கொண்டுவர ஆரம்பித்தார்கள். வெங்காயத்தையும் எலுமிச்சையையும்கூடக் கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்த பிறகே கத்தி வைப்பது என்று மாற்றினார்கள். ஆயிரக்கணக்கான கடைகளில் ஆயிரக்கணக்கான கைகள் பச்சையாக நறுக்கினால், ஏதோ ஒரு கை கழுவாமல்தான் இருக்கும். அதனால் பாக்கெட்டில் வெட்டிய காய் வந்தாலே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மூலக்கடைக்கு வாருங்கள்.

பெரம்பூர் கடை நன்றாக ஓடியதும் வண்ணாரப்பேட்டையில் ஒன்று வந்தது. அது பரவாயில்லை. போன பொங்கலுக்கு அப்புறம் மூலக்கடையில் மூன்றாவது. கதவிலேயே “ஃபிரான்சைஸ் தொடர்புக்கு” என்று போன் நம்பரோடு ஸ்டிக்கர். பக்கத்தில் இலை வரைந்து “எல்லாம் இன்று காலை நறுக்கியது” என்று இன்னொன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு அக்கா மகளோடு போனேன். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து ரோட்டைப் பாதியாக்கியிருந்தார்கள். வண்டியை ஒரு டயர் கடை முன்னால் நிறுத்திவிட்டு நடந்தோம். உள்ளே எங்களைத் தவிர ஆள் இல்லை. கண் எரியவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம்.

காசிமேட்டில் மீன் வாங்குகிறவன் செவுளைத் தூக்கிப் பார்ப்பான். இந்த மாதிரிக் கடையில் செவுள் என்பது கரண்டிதான். ராஜ்மாக் கரண்டியின் விளிம்பில் காய்ந்து ஏடு கட்டியிருந்தது. தக்காளி தண்ணீர் விட்டு அடியில் தேங்கி நின்றது. லெட்டூஸ் ஓரம் பழுப்பு. குவாக்கமோலேவின் மேல்புறம், சொன்னால் சாப்பாட்டு நேரத்தில் படிக்கிறவர்களுக்குக் கஷ்டம். சிக்கனை மைக்ரோவேவில் வைத்து எடுத்துக் கொடுத்தார்கள். அக்கா மகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடினாள். “அங்க சிபோட்லேல 2024ல அளவு குறையுதுன்னு எல்லாரும் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கிட்டே வரிசைல நிப்பாங்க மாமா. இங்க கரண்டி நிறையத்தான் போடுறாங்க, யாருக்கு வேணும்?”

கல்லாவில் இருந்த பையனிடம் சண்டை போடவில்லை. சோளம் நேற்றுடையதா என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான்.

“சார், பாக்கெட் மெயின் கடைலேர்ந்து வருது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எங்க ஓனர் காசு குடுக்கணும். கொட்டினா அவருக்கு நஷ்டம். மதியம் ஆறு பேர், ஏழு பேர்தான் வர்றாங்க.”

விஷயம் அவ்வளவுதான். பெரம்பூரில் இருக்கிற அதே மிளகாய், அதே தயிர், அதே போர்டு. பெரம்பூரில் ஒரு சட்டி ராஜ்மா இருபது நிமிஷத்தில் காலியாகிறது. மூலக்கடையில் மத்தியானம் முழுக்கக் கிடக்கிறது. பெரம்பூரில் முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருப்பதால், வாடிப்போனதை அவரே எடுத்துக் கொட்டுவதை ஒரு நாள் பார்த்திருக்கிறேன். மூலக்கடையில் கொட்டுகிறவன் வேறொருவன் பணத்தைக் கொட்ட வேண்டும். எந்தச் சம்பளக்காரப் பையன் துணிவான்? 107 என்று டென்வரில் போட்ட கணக்கு லாபத்துக்கு மட்டும் இல்லை என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. அத்தனை பேர் வராத ஊரில் காலையில் நறுக்கினால் என்ன, நள்ளிரவில் நறுக்கினால் என்ன?

பெங்களூரில் 2012இல் ஓர் அமெரிக்கர் தொடங்கிய கலிஃபோர்னியா புரிட்டோ நூறு கடைகளைத் தாண்டிவிட்டது. ஐ.டி. கம்பெனி வளாகங்களின் மதியக் கூட்டத்தை நம்பி வளர்ந்த கடை. அந்தக் கூட்டம் மூலக்கடையில் இல்லை. இங்கே மதியம் வீட்டுச் சாப்பாடு, இல்லாவிட்டால் பிரியாணி. பள்ளி விடுகிற நேரத்துக்குச் சின்ன பவுல் ஒன்றை 99 ரூபாய்க்குப் போட்டால் கூட்டம் வரலாம். இல்லையென்றால் மதியம் கடையைச் சாத்திவிட்டு ஆறு மணிக்குத் திறக்கலாம். அத்தோ கடைக்காரர்கள் அப்படித்தானே செய்கிறார்கள், யாராவது குறை சொன்னோமா?

ஒரு வாரம் கழித்து வீட்டிலிருந்து ஆப்பில் பெரம்பூர் கிளை என்று பார்த்துத்தான் ஆர்டர் போட்டேன். பில்லைப் பார்த்தால் மூலக்கடை. பன்னீருக்குப் பதில் காளான், சூட்டில் வதங்கிய லெட்டூஸ். புது வண்ணாரப்பேட்டை வரை அது பயணம் செய்ததற்கு அந்த டெலிவரி பையனுக்கு டிப்ஸ் கொடுத்தேன், கடைக்கு ஒரு ஸ்டார். போன் செய்தபோது பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நாலு நாளில் வந்தும் விட்டது, அதையும் சொல்ல வேண்டும்.

அக்கா மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை மறுபடி பெரம்பூர். வாசல் வரை வரிசை. முன்னால் மூன்று காலேஜ் பெண்கள், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை யூனிஃபார்மில் ஒருவர், தாத்தாவைக் கூட்டி வந்த ஒரு குடும்பம். தாத்தா, “சோத்துக்குக் குழம்பு எங்கடா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்ததும் அக்கா மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையன் அதே இடத்தில் நின்று நறுக்கிக்கொண்டிருந்தான்.

போகிறவர்கள் பெரம்பூருக்கே போங்கள். ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள். ஒன்பதரைக்கு மேல் சிக்கன் தீர்ந்துவிடும், அதற்காகச் சண்டை போடாதீர்கள், தீர்வது நல்லது. பவுல் வாங்குங்கள். உட்கார பதினான்கு நாற்காலிதான். கறுஞ்சிவப்புச் சட்னியை வாய் விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் கெச்சப் பாக்கெட்டை வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.