முகம் பார்த்துச் சரக்கு கொடுக்கும் கடைகள்: வீட்டுப் பெரியவர்களைத் தனியே அனுப்புவோர் கவனத்துக்கு

கடையில் காட்சிக்கு வைத்திருந்த கைப்பேசியைப் புதியது என்று பில் போட்டு என் அம்மாவின் தலையில் கட்டிவிட்டார்கள். அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கறுத்த நிறம், உழைத்துக் காய்த்துப்போன கைகள், வேலைக்குப் போகும் உடையிலேயே கடைக்குப் போயிருந்தார். பார்த்த மாத்திரத்திலேயே அவருக்கு எதைக் கொடுக்கலாம், எதைச் சொல்லாமல் விடலாம் என்று அங்கிருந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

உள்ளே நுழைந்ததிலிருந்து காவலாளி ஒருவர் பின்னாலேயே நடந்திருக்கிறார். அம்மா கேட்ட மாடலை விற்பனையாளர் உடனே எடுத்துக் காட்டவில்லை. "அதெல்லாம் விலை அதிகம்மா, உனக்கு எதற்கு?" என்றாராம். அம்மா பிடிவாதமாக அதுவே வேண்டும் என்ற பிறகு, "உனக்கு ஒன்றும் தெரியாது, நானே எல்லாம் போட்டுத் தருகிறேன்" என்று உள்ளறைக்குப் போய், உறை மாட்டிய கைப்பேசியோடு திரும்பி வந்திருக்கிறார். பெட்டி அம்மாவின் கண்ணெதிரே பிரிக்கப்படவே இல்லை.

வீட்டில் உறையைக் கழற்றினேன். பின்பக்கத்தில் வட்டமாக ஒரு பசைத் தடம், விரல் வைத்தால் பிசுபிசுத்தது. காட்சி மேசையில் யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி கம்பியோடு சேர்த்து ஒட்டி வைப்பார்களே, அந்தத் தடம். சார்ஜர் செருகும் துளையின் ஓரம் தேய்ந்திருந்தது. தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் அந்தக் கைப்பேசியின் அடையாள எண்ணைப் போட்டுப் பார்த்தால், பில் தேதிக்குப் பல மாதங்கள் முன்பே வாரன்டி ஓடத் தொடங்கியிருக்கிறது. பில்லின் அடியில், அம்மா கேட்காத கூடுதல் வாரன்டிக்குத் தனியாக ஒரு தொகை.

அடுத்து என் தம்பியை அதே கடைக்கு, அதே மாடலைக் கேட்க அனுப்பினேன். அவன் அப்பாவைப் போல வெளுத்த நிறம். அலுவலக உடையில் போனான். "வாருங்கள் சார்" என்று நாற்காலி போட்டிருக்கிறார்கள். முத்திரை பிரிக்காத பெட்டியை முன்னால் வைத்து, "நீங்களே பிரித்துப் பாருங்கள்" என்றிருக்கிறார்கள். கூடுதல் வாரன்டி வேண்டுமா என்று அவனிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார்கள்.

இதை வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இயன் அயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் சிகாகோ வட்டாரத்தில் கார் வாங்க ஆட்களை அனுப்பிச் சோதித்து, 1991-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எல்லோரும் ஒரே மாதிரி பேரம் பேசப் பயிற்சி பெற்றவர்கள். அப்படியிருந்தும் வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடக் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் அதிக விலை சொல்லப்பட்டது. 1995-இல் பீட்டர் சீகல்மனுடன் சேர்ந்து வெளியிட்ட, இன்னும் பெரிய ஆய்விலும் அதுவே தெரிந்தது. என்னை அதிகம் உறுத்தியது முதல் ஆய்வில் வரும் இன்னொரு விவரம்: வாங்க வந்தவர்களைக் கார் கடைக்காரர்கள் அவர்களுடைய இனத்தையும் பாலினத்தையும் சேர்ந்த விற்பனையாளரிடமே அனுப்பி வைத்தார்கள், அவர்களிடம்தான் பேரம் இன்னும் மோசமாக முடிந்தது. அம்மாவுக்கு விற்றவரும் அம்மாவைப் போலக் கறுத்த நிறத்தவர்தான். "நம்ம பிள்ளை மாதிரி இருந்தான், அதனால் நம்பினேன்" என்றார் அம்மா.

ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள். முத்திரையைத் தங்கள் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும். புதிய கைப்பேசியை முதன்முதலில் இயக்கும்போது, எந்த மொழி வேண்டும் என்று அதுவே கேட்கும். நேராகப் படங்களோடு முகப்புத் திரை வந்தால் வாங்க வேண்டாம். *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனியாக உள்ள அடையாள எண்) பெட்டியிலும் பில்லிலும் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் பில்லின் ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொல்லலாம். அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடலாம்.

பிரித்த பெட்டியை மாற்ற முடியாது என்றுதான் கடையில் முதலில் சொன்னார்கள். சேவை மையத்தில் வாரன்டி தொடங்கிய தேதியை அச்சிட்டு வாங்கிக் காட்டிய பிறகே வேறு கைப்பேசி கொடுத்தார்கள். கூடுதல் வாரன்டிப் பணம் இன்னும் வரவில்லை; அதற்கு அம்மாவின் பெயரிலேயே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறோம். அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதையும் புகாரில் சேர்த்திருக்கிறேன்.