வெள்ளைப் புகை, குறைந்த கம்ப்ரெஷன்: மூன்று சோதனைக் கருவிகளில் எது காசுக்குத் தகும்?

சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது, வண்டியில் இழுவை இல்லை, கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது. இதைச் சொன்னதும் பல ஒர்க்ஷாப்களில் வரும் பதில் ஒன்றுதான்: "ஹெட்டை இறக்கிப் பார்க்கணும்." இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கினாலே பாதி ரிப்பேர் தொடங்கிவிட்டது என்று பொருள். கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடு), ஹெட் போல்ட், லேத்தில் ஃபேசிங் (பரப்பைச் சமமாக்குவது) என்று செலவு ஓட ஆரம்பிக்கும். கோளாறு வேறெங்கோ இருந்தது என்று பிறகு தெரிந்தாலும் அந்தப் பணம் திரும்பாது.

இறக்காமலே கோளாறின் இடத்தைக் காட்டும் கருவிகள் மூன்று எளிதாகக் கிடைக்கின்றன. சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது (கம்ப்ரெஷன்) என்று அளக்கும், திருகி மாட்டும் கம்ப்ரெஷன் கேஜ் செட், நீலத் திரவம் ஊற்றும் பிளாக் டெஸ்டர், இரட்டை மீட்டர் வைத்த லீக்-டவுன் டெஸ்டர். மூன்றுமே பல பெயர்களில், ஒரே அச்சில் வார்த்ததுபோல விற்கின்றன. எனவே பெயரைத் தேடுவதைவிட, பெட்டியைத் திறந்ததும் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருப்பதே உதவும்.

கருவிக்குக் கை போகும் முன் புகையைக் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெண்மையாக வந்து, சைலன்சர் சூடானதும் மறைந்தால் அது வெறும் ஈரம். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் பிறக்கிறது. குளிர்ந்த குழாயில் அது ஆவியாகத் தெரிகிறது. ஊட்டியில் டிசம்பர் காலையில் எல்லா வண்டியிலும் இதைப் பார்க்கலாம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளை வந்து, லேசான இனிப்பு வாடையும் அடித்தால் கூலன்ட் எரிகிறது. நீலம் கலந்த புகை ஆயில். டீசல் வண்டியில் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல். பழுதான குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது எரியறையைச் சூடாக்குவது), ஒழுகும் இன்ஜெக்டர் (டீசலைத் தெளிப்பது), குறைந்த கம்ப்ரெஷன் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். டீசலில் இன்னொரு சிக்கலும் உண்டு. இஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் பகுதி) உள்ளுக்குள் ஒழுகினாலும் கூலன்ட் குறையும், வெள்ளைப் புகை வரும். ஹெட் கேஸ்கெட்டைக் குற்றம் சொல்லும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் கம்ப்ரெஷன் கேஜ். ரப்பர் கூம்பை பிளக் துளையில் கையால் அழுத்திப் பிடிக்கும் வகையை வாங்கவே வேண்டாம். இரட்டை கேம்ஷாஃப்ட் இன்ஜின்களில் பிளக் ஆழமான குழிக்குள் இருக்கிறது. கூம்பு எட்டாது, எட்டினாலும் கசியும். வளையும் ஓஸில் திருகி மாட்டும் வகைதான் வேலைக்கு ஆகும். சாதாரண செட் சுமார் ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். 14, 12, 10 மி.மீ. புரிகளுக்கு அடாப்டர் இருக்க வேண்டும். வண்டியின் பிளக்கைக் கழற்றி அடாப்டரின் பக்கத்தில் வைத்துப் புரியின் நீளத்தை ஒப்பிடுங்கள். நீளம் கூடினால் பிஸ்டன் இடிக்கக்கூடும், குறைந்தால் அளவு குறைவாகக் காட்டும்.

மலிவு செட்கள் சறுக்கும் இடம் வால்வு. காற்றைப் பிடித்து வைக்கும் சிறு வால்வு, ஓஸின் இன்ஜின் பக்க முனையில் இருக்க வேண்டும். சிலவற்றில் அது மீட்டர் பக்கம் இருக்கிறது. ஒரு சிலிண்டர் 333 சிசி, கம்ப்ரெஷன் விகிதம் (காற்று எத்தனை மடங்கு சுருங்குகிறது என்பது) 10 என்றால் எரியறையின் கொள்ளளவு 37 சிசிதான். 5 மி.மீ. உள்விட்டமும் 40 செ.மீ. நீளமும் உள்ள ஓஸ் அதோடு ஏறக்குறைய 8 சிசி சேர்த்துவிடும். விகிதம் 10-லிருந்து 8.4-க்கு இறங்கிவிடும், நல்ல இன்ஜின்கூட நோயாளியாகத் தெரியும். இந்த வால்வு பழுதானால் டயர் வால்வைப் போட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதன் ஸ்பிரிங் கடினமானது, அதனாலும் அளவு குறையும். கேஜுக்கென்று விற்கும் மென்மையான ஸ்பிரிங் வால்வுதான் வேண்டும். மற்றொரு தொல்லை: ஓஸைக் கழற்றும்போது அடாப்டர் மட்டும் பிளக் துளையிலேயே நின்றுவிடும். மாட்டும் முன் ஓஸையும் அடாப்டரையும் ஸ்பேனர் வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். ஹெட்டில் மாட்டும்போது கையால் திருகினால் போதும், ஓ-ரிங் அடைத்துக்கொள்ளும்.

சோதனை முறையில் பிழை நடந்தால் எந்தக் கருவியும் பொய் சொல்லும். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். கொதிக்கும் சூட்டில் அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைக் கழற்றினால் புரி பிய்ந்துவிடும். ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, காயில் கனெக்டர்களைக் கழற்றி, எல்லா பிளக்கையும் வெளியே எடுங்கள். கூலன்ட் உள்ளே இறங்குகிறது என்ற சந்தேகம் இருக்கும் வண்டியில், கேஜை மாட்டும் முன்பே ஸ்டார்ட்டரால் இன்ஜினை ஒருமுறை சுற்றிவிடுங்கள். சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருந்தால் திறந்த துளை வழியாக வெளியேறிவிடும். பிளக் இருக்கும்போதே சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும் அபாயம் உண்டு. பிறகு கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு, பிஸ்டன் ஐந்து முதல் ஏழு முறை காற்றை அழுத்தும் வரை சுற்ற வேண்டும். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளில் பெடலை மிதித்ததும் த்ராட்டில் தட்டு (இன்ஜினுக்குள் காற்றை விடும் தட்டு) உண்மையிலேயே திறக்கிறதா என்று ஒருவர் எட்டிப் பார்க்கட்டும். தட்டு மூடியிருந்தாலும், பாட்டரி தளர்ந்திருந்தாலும் எல்லா சிலிண்டரும் குறைவாகத்தான் காட்டும்.

பெட்ரோல் இன்ஜினில் பெரும்பாலும் 150 முதல் 200 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) வரை வரும். சரியான எண்ணுக்கு அந்த இன்ஜினின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். அந்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் அதிகம் பேசும். கடல் மட்டத்தில் 180 காட்டும் இன்ஜின், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 140-ஐ ஒட்டித்தான் காட்டும், ஏனென்றால் அங்கே காற்றே அடர்த்தி குறைவு. மலைமேல் இருக்கும் வண்டியைச் சென்னை எண்ணோடு ஒப்பிட்டு பிஸ்டன் ரிங் மாற்றச் சொன்னால் அது அநியாயம்.

முதல் அழுத்தத்தில் முள் எங்கே நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல சிலிண்டர் முதல் தள்ளலிலேயே பாதியைத் தாண்டும். ரிங் தேய்ந்தது மெல்ல மெல்ல ஏறும். வால்வு கசிவது தாழ்வாகத் தொடங்கி அங்கேயே நிற்கும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் தாழ்ந்திருந்தால், இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகவே சொல்லலாம். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சோதிப்பது அடுத்த படி. அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். எல்லாமே ஒரே அளவில் குறைந்து, ஆயிலுக்கும் அசையவில்லை என்றால் டைமிங் பெல்ட்டோ செயினோ பல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் விடும் இந்தச் சோதனை பெட்ரோலுக்கு மட்டுமே. டீசலின் எரியறை மிகச் சிறியது, அதிகப்படி ஆயில் அதற்கு ஆபத்து. 300 பிஎஸ்ஐ வரை காட்டும் பெட்ரோல் கேஜையும் டீசலில் மாட்டக்கூடாது; 1,000 பிஎஸ்ஐ மீட்டரும் குளோ பிளக் துளைக்கான அடாப்டரும் உள்ள தனி செட் வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இந்த கேஜின் பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். வெள்ளைப் புகைக்கு இது நம்பகமான சாட்சி கிடையாது. கேஸ்கெட்டில் முடி அளவு விரிசல் விழுந்து கூலன்ட் சொட்டுச் சொட்டாக இறங்கும் ஆரம்பக் கட்டத்தில் கம்ப்ரெஷன் ஒழுங்காகவே காட்டும். உள்ளே இறங்கிய தண்ணீர் எரியறையின் இடத்தை அடைத்துக்கொண்டு அளவைக் கூட்டியும் காட்டலாம். "கம்ப்ரெஷன் நல்லா இருக்கு, ஹெட் கேஸ்கெட் நல்லா இருக்கு" என்ற முடிவு பல இன்ஜின்களைக் கெடுத்திருக்கிறது.

அந்த இடத்தில் பிளாக் டெஸ்டர் கைகொடுக்கிறது. நம் மூன்றில் மிக எளியது, அதிகம் மதிக்க வேண்டியதும் இதுதான். ஒரு பிளாஸ்டிக் குழாய், அடியில் ரப்பர் கூம்பு, மேலே ஊதுபந்து, உள்ளே நீலத் திரவம். திரவம் கார்பன் டை ஆக்சைடு பட்டால் நிறம் மாறும். எரியறை வாயு கூலன்ட்டுக்குள் கசிந்தால் ரேடியேட்டர் வாயில் அது பிடிபட்டுவிடும். பெட்ரோலில் மஞ்சளாகும். டீசல் புகையில் கார்பன் டை ஆக்சைடு குறைவு என்பதால் பச்சை வரைதான் போகும். அதையே கசிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒற்றை அறை மாதிரியைவிட இரட்டை அறை மாதிரி நல்லது. கூலன்ட் தப்பித்தவறி மேலே ஏறினால் கீழ் அறை தாங்கிக்கொள்ளும். கூலன்ட் கலந்த திரவம் அதன்பின் எதற்கும் உதவாது, கொட்டிவிட வேண்டியதுதான். அதனால்தான் சோதனைக்கு முன் இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டரில் நாலைந்து செ.மீ. கூலன்ட்டைக் குறைத்துவிட வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். பீறிடும் ஆவி முகத்தைப் பொசுக்கிவிடும். மூடியைத் திறந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டு, கூம்பை வாயில் அழுத்தி, ஒன்றிரண்டு நிமிடம் பந்தை அமுக்கிக்கொண்டே இருங்கள். ரேடியேட்டரில் மூடியே இல்லாத வண்டிகளில் அழுத்தம் தாங்கும் எக்ஸ்பான்ஷன் டாங்கின் வாயில் வைக்கலாம். கூம்பு அந்த வாய்க்குப் பொருந்துகிறதா என்பது வாங்கும்போதே பார்க்க வேண்டியது.

திரவம் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்க, அதன் வழியே வாயால் ஊதிய காற்றை விடுங்கள். நம் மூச்சிலேயே மஞ்சளாகும். சுத்தமான காற்றில் பந்தை அமுக்கினால் நீலம் திரும்பும். கதவு மூடிய ஷெட்டில் இந்தச் சோதனை செய்தால் அறையில் நிறைந்த புகையே திரவத்தை மஞ்சளாக்கும், அதோடு அந்தப் புகை நுரையீரலுக்கும் கேடு. திறந்த வெளியில் செய்யுங்கள்.

இதற்கும் கண்ணுக்குத் தெரியாத மூலைகள் உண்டு. சுமையில் மட்டும் கசியும் கேஸ்கெட், வண்டி நின்றபடி ஓடும் ஐடிலில் நீலமாகவே காட்டும். ஒரு சுற்று மேட்டில் ஓட்டிவந்து மறுபடி பார்க்க வேண்டும். ஆயிலும் கூலன்ட்டும் கலக்கும் கோளாறை இது காட்டாது. எங்கேயோ ஸ்டாப்-லீக் (கசிவை அடைக்கும் திரவம்) ஊற்றி அடைத்திருந்தால் தற்காலிகமாகத் தப்பித்துவிடும்.

லீக்-டவுன் டெஸ்டர் மூன்றிலும் துல்லியமானது, ஆனால் ஏர் கம்ப்ரெசர் இல்லாத வீட்டில் அது அலமாரிப் பொருள். சிலிண்டரை அழுத்த முடிவில், பிஸ்டன் உச்சியில் நிறுத்தி, 100 பிஎஸ்ஐ காற்றை விட்டால் இரண்டாவது மீட்டர் எத்தனை சதவீதம் ஒழுகுகிறது என்று காட்டும். பத்துக்குள் இருந்தால் நல்ல இன்ஜின், இருபது வரை ஓட்டலாம், முப்பதைத் தாண்டினால் வேலை இருக்கிறது. இந்த எண்ணைவிடக் காதால் கேட்பதுதான் இதன் உண்மையான பலன். த்ராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் ஊதினால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் எழுந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். மலிவு மாதிரிகளில் ரெகுலேட்டர் நிலையாக நிற்பதில்லை. முதல் மீட்டரின் முள் நகர்ந்துகொண்டே இருந்தால் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. ஒரு எச்சரிக்கை: 73 மி.மீ. பிஸ்டனில் 100 பிஎஸ்ஐ என்றால் ஏறத்தாழ 290 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் விலகினாலும் கிராங்க் சுழன்றுவிடும். கிராங்க் போல்ட்டில் ராட்செட்டை மாட்டிவிட்டுக் காற்றைத் திறந்தால் அது கையை முறிக்கும்.

வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். வெள்ளைப் புகையும் கூலன்ட் குறைவும்தான் குறை என்றால் முதலில் பிளாக் டெஸ்டர். இழுவை இல்லாமை, ஒரு சிலிண்டர் மிஸ் ஆவது என்றால் கம்ப்ரெஷன் கேஜ். லீக்-டவுனை ஒர்க்ஷாப்காரர்கள் வாங்கிக்கொள்ளட்டும். மிச்சமிருக்கும் பணத்தில் போனில் மாட்டும் 5.5 மி.மீ. எண்டோஸ்கோப் கேமரா ஒன்று வாங்குங்கள். பிளக் துளை வழியே பார்த்தால் மற்ற பிஸ்டன்கள் கரி பிடித்திருக்க, கூலன்ட் இறங்கும் பிஸ்டன் மட்டும் ஆவியில் வெந்து கழுவித் துடைத்ததுபோல இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், கூலிங் பிரஷர் டெஸ்டர் ஒன்றை இரவல் வாங்கி, ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை பம்ப் செய்து, பிளக்குகளைக் கழற்றி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் இன்ஜினைச் சுற்றினால் எந்தத் துளையிலிருந்து தண்ணீர் பீறிடுகிறதோ அதுதான் சிலிண்டர். அந்த நேரத்தில் பிளக் துளைக்கு நேராகக் குனிந்து பார்க்காதீர்கள்.