மண்ணீரல் நீர்க்கட்டி: வடிப்பதா, திறப்பதா, வெட்டுவதா?

தங்கைக்கு மண்ணீரலில் கட்டி என்று ஸ்கேனில் வந்தபோது எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, மண்ணீரல் உடம்பில் எங்கே இருக்கிறது என்பதுதான். இடது விலாவுக்கு அடியில், இரைப்பைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, 150 கிராம் போல எடையில் இருக்கிறது. ஒரு வருடமாகவே அவளுக்கு நாலு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். இடது தோள்பட்டையில் விட்டுவிட்டு வலி. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் பூண்டு மூட்டை தூக்குகிறவளுக்குத் தோள் வலிப்பதில் என்ன அதிசயம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஸ்கேனில் 9 செ.மீ. நீர்க்கட்டி.

இதற்கு நான்கு வழி சொன்னார்கள்: ஊசியால் நீரை வடிப்பது, கட்டியின் கூரையை வெட்டித் திறந்துவிடுவது, கட்டி இருக்கும் பகுதியோடு மண்ணீரலில் ஒரு துண்டை எடுப்பது, மண்ணீரலையே எடுத்துவிடுவது. சும்மா விட்டுவிடுவது ஐந்தாவது வழி. கட்டி சின்னதாக இருந்து தொந்தரவும் இல்லை என்றால் அதுதான் நல்ல வழி. அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். 5 செ.மீ. தாண்டினால் ஆபரேஷன் என்பது பழைய கணக்கு. இப்போது அளவை மட்டும் பார்க்காமல் வலி, வேகமாக வளர்வது, அடிபட்டால் உடையும் வாய்ப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அவளுக்குச் சும்மா விடும் கட்டம் தாண்டிவிட்டது.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் அது என்ன கட்டி என்று தெரிய வேண்டும். நாங்கள் முதலில் போன இடத்தில் இதைத்தான் கோட்டைவிட்டார்கள். நீர்க்கட்டியில் மூன்று விதம். பிறவியிலேயே வந்தது ஒன்று; அதன் உள்சுவரில் நீர் சுரக்கும் மெல்லிய தோல் இருக்கும். எப்போதோ அடிபட்டு ரத்தம் கட்டி, அது கரைந்து நீராக நிற்பது இரண்டாவது. அதற்கு உள்தோல் கிடையாது. மூன்றாவது ஹைடாடிட் என்ற நாடாப்புழுக் கட்டி. நாயின் குடலில் அந்தப் புழு வாழும். முட்டை நாயின் மலத்தில் வரும். புல்லோடு ஆட்டுக்குள் போகும். அறுத்த ஆட்டின் ஈரலையோ நுரையீரலையோ தின்கிற நாய்க்கு மறுபடியும் வரும். இடையில் கை கழுவாமல் சாப்பிடுகிற மனிதன் மாட்டிக்கொள்வான். பெரும்பாலும் ஈரலிலும் நுரையீரலிலும்தான் தங்கும். மண்ணீரலுக்கு வருவது அபூர்வம், ஆனால் வரும்.

மன்னவனூருக்கு ஆடு புதிதல்ல. மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையமே அங்கே இருக்கிறது. தங்கை வீட்டிலும் ஆடு உண்டு, நாயும் உண்டு. "வீட்டில் ஆடு, நாய் வளர்க்கிறீர்களா" என்று முதல் ஆஸ்பத்திரியில் ஒருவரும் கேட்கவில்லை. ஸ்கேனைப் பார்த்தார்கள், ஊசி போட்டு வடித்தார்கள், சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் அந்த டாக்டர் ஃபைலைப் புரட்டியபடி, "ரத்தத்துல ஹைடாடிட் டெஸ்ட் ரிப்போர்ட் எங்கண்ணே?" என்று கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது புழுக்கட்டியாக இருந்து நீர் உள்ளே சிந்தியிருந்தால் அங்கேயே அலர்ஜி அதிர்ச்சி வந்து ஆளே போயிருக்கலாம். தப்பினாலும் வயிறு முழுக்கப் புதுக் கட்டிகள் முளைத்திருக்கலாம். நல்லவேளை, அவளுக்கு இல்லை. ரத்தப் பரிசோதனை சில சமயம் ஏமாற்றும் என்பதால், கட்டிக்குள் குட்டிக் கட்டிகள் தெரிகின்றனவா, சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று சி.டி. ஸ்கேனையும் சேர்த்துத்தான் முடிவு சொன்னார்கள்.

சரி, வடிப்பதற்கு வருவோம். செலவு குறைவு, தழும்பு இல்லை, அன்றைக்கே வீடு. வடித்த நீரைப் பாட்டிலில் காட்டினார்கள். டிகாஷன் நிறம், வெளிச்சத்தில் ஆட்டினால் உள்ளே பொடிப்பொடியாக மின்னியது. கொலஸ்ட்ரால் படிகமாம். நாலு மாதத்தில் கட்டி பழைய அளவுக்கு வந்துவிட்டது. சுரக்கும் தோல் உள்ளேயே இருக்கும்போது ஊற்றை விட்டுவிட்டுக் கிணற்றை மட்டும் இறைத்தால் என்ன ஆகும், அதுதான் ஆனது. ஆபரேஷன் தாங்காத வயதானவர்களுக்கும், கொஞ்சநாள் தள்ளிப்போட வேண்டியவர்களுக்கும் வடிப்பது உதவும். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

நேர் எதிர்முனையில் இருப்பது முழு மண்ணீரலையும் எடுப்பது. கட்டி திரும்பவே திரும்பாது. சர்ஜனுக்கும் கைவந்த ஆபரேஷன். "மண்ணீரல் இல்லாமலே வாழலாம்" என்று சொல்வார்கள்; உண்மைதான். ஆனால் எங்கே வாழப்போகிறோம் என்பதையும் கேட்க வேண்டும்.

நிமோகாக்கஸ் போன்ற சில கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரல்தான். அது இல்லாதவருக்குக் காலையில் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்குவது ஒன்றிரண்டு நாளுக்குள் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே உலை வைக்கலாம். எல்லாருக்கும் வராது, ஆனால் வந்தால் பாதிப்பேர் வரை பிழைப்பதில்லை. முதல் இரண்டு மூன்று வருடம் ஆபத்து கூடுதல், ஆயுசுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். தடுப்பூசிகள் உண்டு, கையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வைத்திருக்கச் சொல்வார்கள். ஆனாலும் விதி ஒன்றுதான்: காய்ச்சல் என்றால் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. நாய் கடித்தாலும் அப்படித்தான். நாயின் எச்சிலில் இருக்கும் ஒருவகைக் கிருமி மண்ணீரல் இல்லாதவரை மோசமாகத் தாக்கும்.

மதுரையில் குடியிருப்பவருக்கு இந்த விதி பெரிய பாரம் இல்லை, ஒரு ஆட்டோ போதும். மன்னவனூரில் ஐப்பசி மாதம் ராத்திரி பதினொரு மணிக்குக் காய்ச்சல் வந்தால்? கொடைக்கானலுக்கே 35 கிலோமீட்டர் போல வளைவுப் பாதை. மேகம் இறங்கினால் பூம்பாறை தாண்டுவதற்குள் வண்டி நடைவேகத்துக்கு வந்துவிடும். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு இன்னும் 120 கிலோமீட்டர். மழையில் மரமோ பாறையோ சாய்ந்துவிட்டால் மலையடிவாரத்துக் காட்ரோடு இறங்குவதற்குள் விடிந்துவிடும். அந்த டாக்டரும் இதைத்தான் கேட்டார்: "நடுராத்திரி காய்ச்சல் வந்தா எத்தனை மணி நேரத்துல கொண்டுவருவீங்க?" மச்சான் விரலை விட்டு எண்ணிப் பார்த்து, "மழை இல்லேன்னா ஆறு மணி நேரம் சார்" என்றார். "அப்போ மண்ணீரலைக் காப்பாத்தப் பாப்போம்" என்றார் டாக்டர்.

மலையில் இருப்பவர்கள் முழுதாக எடுப்பதற்கு எளிதில் தலையாட்டக் கூடாது என்பது என் கட்சி. புழுக்கட்டி என்றால் கதை வேறு. அங்கே நீர் ஒரு சொட்டும் சிந்தாமல் எடுப்பதுதான் முக்கியம் என்பதால் பெரும்பாலும் முழுதாகத்தான் எடுக்கிறார்கள், முன்னும் பின்னும் அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரையோடு. கட்டி மண்ணீரலை முழுக்கத் தின்றிருந்தாலும், ரத்தக்குழாய் நுழையும் நடுவாசலில் உட்கார்ந்திருந்தாலும் வேறு வழி இருக்காது.

மிச்சம் இரண்டு. கூரையை வெட்டித் திறப்பதும், துண்டு எடுப்பதும். இரண்டிலும் மண்ணீரல் மிஞ்சும், போட்டியே இங்கேதான்.

கூரையைத் திறக்கும்போது, கட்டியின் வெளியே தெரியும் சுவரைப் பெரிதாக வெட்டி எடுத்துவிடுவார்கள். ஊறும் நீர் வயிற்றுக்குள் வடிந்து உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். ரத்தச் சேதம் குறைவு. கட்டி மேலாக இருந்தால், அதிலும் அடிபட்டு வந்த உள்தோல் இல்லாத கட்டியாக இருந்தால், நான் இதைத்தான் கேட்பேன். கஞ்சத்தனமாகச் சின்ன ஜன்னல் மட்டும் வைத்தால் குடலை மூடும் கொழுப்புத் திரை வந்து ஒட்டி அடைத்துக்கொள்ளும், கட்டி திரும்பும். பிறவிக் கட்டியில் உள்தோல் அடியில் தங்கிவிடுவதால் பெரிதாகத் திறந்தாலும் திரும்ப வாய்ப்பு உண்டு.

துண்டு எடுப்பது சர்ஜனுக்குச் சிரமமான வேலை. டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்டினார். மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வாசலுக்கு வருமுன்பே மேல்கிளை, கீழ்க்கிளை என்று பிரிகிறது. மேல்கிளையைக் கட்டினால் மேல்பாதி மட்டும் நிறம் கறுத்துவிடும். அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்து வெட்டுவார்கள். நாலில் ஒரு பங்கு மண்ணீரல் மிஞ்சினாலே காவல்வேலை நடக்கும் என்கிறார்கள். கட்டி தோலோடு போய்விடும். ரத்தக்கசிவு பயம்தான் பெரிய குறை. நிற்காவிட்டால் மேஜையிலேயே முழுதாக எடுக்க வேண்டி வரும். அதனால்தான் எந்த ஆபரேஷன் என்றாலும் இரண்டு வாரம் முன்பே நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகளைப் போட்டுவிடுகிறார்கள். "அதான் மண்ணீரலை எடுக்கலையே, எதுக்கு ஊசி" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தங்கைக்குக் கட்டி மேல்நுனியில், ஆழமாக. சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனையும் கூடுதலாக வந்திருந்தது. அன்று ராத்திரி அதை ஃபோனில் தேடிப் பார்த்துப் புற்றுநோய் என்று படித்துத் தூக்கம் கெட்டேன். பிறவிக் கட்டியின் உள்தோலும் அதைச் சுரக்கும், கட்டி போனால் இறங்கிவிடும் என்று மறுநாள்தான் விளங்கியது. வடித்தும் திரும்பியது, இதுவும் கூடுதல், அதனால் உள்தோல் உள்ள கட்டிதான் என்று ஊகித்துத் துண்டு எடுக்கும் வழிக்கு வந்தார்கள். லேப்ராஸ்கோப்பியில் நாலு ஓட்டை போட்டு முடித்தார்கள்; ரத்தம் நிற்காவிட்டால் வயிற்றைத் திறப்போம் என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். திறக்க வேண்டி வரவில்லை. பயாப்ஸியில் உள்தோல் இருந்தது.

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். கொஞ்ச காலத்துக்கு மூட்டை தூக்கத் தடை. அடுத்த ஸ்கேன் தேனியில். அதே நாளில் வடுகபட்டிச் சந்தையில் பூண்டையும் இறக்கிவிடலாம் என்று மச்சான் தேதியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப் பார்க்கிறார். ஞாயிறு ஸ்கேன் சென்டர் லீவு என்று தங்கை கத்திக்கொண்டிருக்கிறாள்.